ஆறு மாசம் பொறுப்பீங்களா, சார்?

கேம்பஸ் கணக்கு

போன வாரம் ஒரு லெட்டர். எழுதியவர் தர்மபுரி மாவட்டத்தில் பி.காம். ஃபைனல் இயர் படிக்கும் ஒரு தங்கச்சி. ரெண்டு பக்கம் நுணுக்கி எழுதியிருந்தார். சாராம்சம் இதுதான்...

'அண்ணா, சேலத்துல ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. மார்க்கெட்டிங் டிரெய்னி வேலை. எல்லாம் நல்லா போயிட்டிருந்தது. கடைசியா அந்த சார், "மாசம் ஒரு லட்சம் தர்றேன். எங்க கம்பெனி எஸ்.இ.ஓ.வுக்கு எப்படி செலவு பண்ணுவீங்க?"ன்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். கீவேர்டு போடுவேன், லிங்க் வாங்குவேன், மூணு மாசத்துல ஃபர்ஸ்ட் பேஜ் கொண்டு வந்துடுவேன்னு. அவர் சிரிச்சுட்டு ஃபைலை மூடிட்டார். நான் எங்கே தப்பு பண்ணேன்?'

தங்கச்சி, தப்பு உங்க மேல மட்டும் இல்லை. அந்தக் கேள்வியில் பாதி மார்க்கெட்டிங், மீதி பாதி சுத்தமான கணக்கு. பி.காம். படிச்ச நீங்க அந்த ரெண்டாவது பாதியில் பின்னியிருக்கலாம். அதைத்தான் இந்த வாரம் உட்கார்ந்து பார்க்கப் போறோம். கால்குலேட்டர் ரெடியா?

தக்காளி சாஸ் இல்லீங்க!

முதல்ல ரெண்டு வார்த்தையைத் தெளிவு பண்ணிக்குவோம்.

சாஸ்! உடனே பாலக்கோடு மார்க்கெட் தக்காளி ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. மாசச் சந்தா கட்டி, இன்டர்நெட் வழியாவே உபயோகிக்கிற சாஃப்ட்வேருக்குத்தான் அந்தப் பேர். சி.டி. வாங்கி இன்ஸ்டால் பண்ற பழைய கதை இல்லை. கேபிள் டி.வி. மாதிரி, பணம் கட்டுற வரைக்கும் ஓடும். நிறுத்தினா நின்னுடும்.

எஸ்.இ.ஓ. என்பது, ஒருத்தர் கூகுளில் தேடும்போது விளம்பரக் காசு கொடுக்காமலேயே நம்ம பக்கம் மேலே வர்ற மாதிரி வெப்சைட்டைத் தயார் பண்றது. 'விளம்பரக் காசு இல்லாம' என்பதைப் பார்த்து நிறைய பேர் 'ஓசி'ன்னு நினைச்சுடறாங்க. முதல் சறுக்கல் அங்கேதான். கூகுளுக்குக் காசு கிடையாது, சரி. எழுதறவருக்கு? பக்கம் டிசைன் பண்றவருக்கு? ஸ்லோவா லோட் ஆகிற சைட்டைச் சரி பண்ற புரோகிராமருக்கு? அவங்களுக்கெல்லாம் சம்பளம் உண்டே!

சந்தா சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? அவங்களுக்குக் கடைத்தெரு கிடையாது. சென்னையில் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பிச்சாங்க. 2011-ல் அவங்களுக்குக் கிடைச்ச முதல் கஸ்டமர் யார் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் இருக்கிற அட்வெல் காலேஜ். சென்னைக்காரங்களும் அந்த ஆஸ்திரேலியப் பள்ளிக்கூடமும் ஒரே ரோட்டில் எதிரெதிரே நடந்து போய் சந்திக்க சான்ஸே இல்லை. இன்டர்நெட்தான் அவங்க கடைத்தெரு. அந்த ஃப்ரெஷ்டெஸ்க்தான் ஃப்ரெஷ்வொர்க்ஸ்னு பேர் மாறி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரைக்கும் போச்சு.

சந்தையில் பட்டியல் ஆயிட்டா வரவு செலவை ஊரறியச் சொல்லணும். 2023-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் வருமானம் கிட்டத்தட்ட 59.6 கோடி டாலர். அதில் பாதிக்கும் மேல் விற்பனைக்கும் மார்க்கெட்டிங்குக்கும் போயிருக்கு. சாஃப்ட்வேரை உருவாக்க ஆன செலவைப் போல ரெண்டு மடங்குக்கும் மேலே! எஸ்.இ.ஓ. அந்தப் பெரிய தொகைக்குள்ளே ஒரு துண்டு. பொருளைச் செய்யறதை விட, பொருள் இருக்குன்னு சொல்றதுக்கு அதிகம் செலவாகிற தொழில் இது. அந்த இன்டர்வியூ சார் ஏன் கணக்குக் கேட்டார்னு இப்போ புரியுதா?

ஒரு கஸ்டமர் என்ன விலை?

ஒரு கற்பனைக் கம்பெனி எடுத்துக்குவோம். தனியார் ஸ்கூல்களுக்கு ஃபீஸ் கணக்கு பார்க்கிற சாஃப்ட்வேர். மாசச் சந்தா 2,000 ரூபாய். (நம்பர் எல்லாம் நான் வெச்சுக்கிட்டது. உங்க கம்பெனிக்கு உங்க நம்பரைப் போட்டுக்குங்க.)

சர்வர் வாடகை, போனில் சந்தேகம் தீர்க்கிற ஆளுங்க சம்பளம்னு 20 சதவீதம் போகுது. கையில் நிக்கறது 1,600. ஒரு ஸ்கூல் சராசரியா 30 மாசம் நம்மகிட்ட இருக்குன்னு வெச்சா, 1,600 பெருக்கல் 30... 48,000 ரூபாய். ஒரு கஸ்டமரால் கம்பெனிக்குக் கிடைக்கிற மொத்தம் இவ்வளவுதான்.

அப்போ ஒரு கஸ்டமரைப் பிடிக்க எவ்வளவு செலவு பண்ணலாம்? 48,000 வரைக்கும் பண்ணினா சம்பளமும் வாடகையும் யார் கொடுப்பாங்க? இந்தத் தொழிலில் பொதுவா வெச்சிருக்கிற கணக்கு மூணில் ஒரு பங்கு. அதாவது 16,000. இதுதான் உச்சவரம்பு. இதைத் தெரிஞ்சுக்காம 'மாசம் ஒரு லட்சம்'னு பேசறது, நிலம் எத்தனை ஏக்கர்னு தெரியாம உரம் வாங்கப் போற மாதிரி.

இன்னொரு சிக்கல். மிக்ஸி விக்கிறவருக்கு வித்த அன்னிக்கே காசு. சந்தாக் கம்பெனிக்கு 1,600, 1,600-ன்னு சொட்டுச் சொட்டாத்தான் வரும். ஒரு ஸ்கூலைப் பிடிக்க 12,000 செலவு பண்ணினால், அது திரும்பி வரவே ஏழரை மாசம். அந்த ஸ்கூல் அஞ்சாவது மாசமே 'போதும்பா'ன்னு போயிட்டால்? வந்தது 8,000, போனது 12,000. இந்த ஓட்டைக் குடத்தில் எஸ்.இ.ஓ. தண்ணியை ஊத்தி என்ன பிரயோஜனம்? கஸ்டமர் ஏன் ஓடறார்னு முதல்ல பாருங்கன்னு சொல்ற தைரியமும் பட்ஜெட்டில் சேர்த்திதான்.

ரெண்டு வழி, ஒரே லட்சம்

இப்போ அந்த ஒரு லட்சத்துக்கு வருவோம்.

வழி ஒண்ணு: கூகுள் விளம்பரம். ஒரு கிளிக் 120 ரூபாய், நூறு கிளிக்குக்கு ஒரு ஸ்கூல் சேருதுன்னா, ஒரு கஸ்டமர் விலை 12,000. மாசம் எட்டு ஸ்கூல் கிடைக்கும். வருஷத்துக்கு நூறு. முதல் மாசமே ஆரம்பிச்சுடும். ஆனா காசை நிறுத்தின அன்னிக்கு வரத்தும் நின்னுடும்.

வழி ரெண்டு: எஸ்.இ.ஓ. முதல் ஆறு மாசம்... சைபர்! ஆமாங்க, ஆறு லட்சம் போயிருக்கும், ஒரு ஸ்கூல் கூட வந்திருக்காது. ஏழாவது மாசம் 2, அப்புறம் 3, 5, 7, 9, 10-ன்னு வருஷக் கடைசியில் 36 ஸ்கூல். 12 லட்சத்தை 36-ஆல் வகுத்தால் ஒரு கஸ்டமர் 33,333 ரூபாய். நம்ம உச்சவரம்பைப் போல ரெண்டு மடங்கு! இந்த இடத்தில்தான் நிறைய முதலாளிகள் 'எஸ்.இ.ஓ. எல்லாம் டுபாக்கூர்'னு கடையைச் சாத்திடறாங்க.

ரெண்டாவது வருஷம் மாசம் 15 வீதம் 180 ஸ்கூல் வருதுன்னு வைங்க. அதே 12 லட்சம். கஸ்டமர் விலை 6,667. மூணாவது வருஷம் பழைய பக்கங்களைப் புதுப்பிச்சாலே போதும், செலவைப் பாதியாக்கிடலாம். 6 லட்சம், அதே 180 ஸ்கூல். விலை 3,333!

மூணு வருஷத்தையும் சேர்த்துக் கூட்டுங்க. எஸ்.இ.ஓ.: 30 லட்சம், 396 ஸ்கூல். விளம்பரம்: 36 லட்சம், 300 ஸ்கூல்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? ரெண்டு வருஷம் முடியும்போது நிறுத்திக் கணக்குப் பார்த்தால் 216-க்கு 200. கிட்டத்தட்ட சமம்தான். எஸ்.இ.ஓ. ஜெயிக்கிறது மூணாவது வருஷத்தில். அது வரைக்கும் கம்பெனி உயிரோட இருக்கணும், அவ்வளவுதான் கண்டிஷன்!

அதனால எஸ்.இ.ஓ. பட்ஜெட்டில் முதல் வரியில் எழுத வேண்டியது ரூபாய் இல்லை, மாசம். 'சார், உங்ககிட்ட எத்தனை மாசத்துக்குப் பணம் இருக்கு? ஆறு மாசம் ரிசல்ட் இல்லாம பொறுப்பீங்களா?' இந்த ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டிருந்தால், தங்கச்சி, அந்த ஃபைல் மூடியிருக்காது.

இது நானா அடிச்சு விடறதில்லை. கூகுளின் மைலி ஓயே 2017-ல் ஒரு வீடியோவில் சொன்னதும் இதுதான். பெரும்பாலான இடங்களில் மாற்றம் செய்து பலன் தெரிய நாலு மாசத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும்னு. மூணு மாசத்துல ஃபர்ஸ்ட் பேஜ்னு சத்தியம் பண்றவரை நம்பாதீங்க. முதல் இடத்துக்கு யாராலும் கேரண்டி தர முடியாதுன்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு.

மாந்தோப்பு ஃபார்முலா

நம்ம பக்கத்து விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு எப்பவோ அத்துப்படி. மா ஒட்டுச்செடி நட்டால் நாலு வருஷம் பெரிய வரும்படி எதிர்பார்க்க முடியாது. சீக்கிரமே பூ விட்டாலும் கிள்ளிப் போட்டுடுவாங்க, மரம் தேறணும்னு. அது வரைக்கும் குடும்பம் என்ன சாப்பிடும்? மரத்துக்கு மரம் இடைவெளியில் நிலக்கடலை, கொள்ளு, உளுந்துன்னு ஊடுபயிர். தோப்பு தலையெடுத்ததும் ஊடுபயிர் தானா குறையும்.

இதேதான் பட்ஜெட்டும். முதல் ஆறு மாசம் லட்சத்தில் 60,000 விளம்பரத்துக்கு. அது ஊடுபயிர், மாசம் அஞ்சு ஸ்கூல் வரும், அரிசி பருப்புக்கு ஆச்சு. 40,000 எஸ்.இ.ஓ.வுக்கு. கம்மிப் பணம்கிறதால மரம் கொஞ்சம் மெதுவாத்தான் வளரும், அதையும் ஒத்துக்கணும். கூகுளிலிருந்து ஆளுங்க வர ஆரம்பிச்சதும் பங்கை மெல்ல மாத்துங்க.

இன்னொரு லாபம் இருக்கு. எந்த வார்த்தைக்கு விளம்பரம் போட்டப்போ ஸ்கூல் சேர்ந்தது, எதுக்கு வெட்டியா கிளிக் மட்டும் விழுந்ததுன்னு ரெண்டு மாசத்தில் தெரிஞ்சுடும். சேர்ந்த வார்த்தைக்கு மட்டும் பக்கம் எழுதினால் போதும். கடலை போட்ட மண்ணு மரத்துக்கும் சத்துங்கற மாதிரி!

கம்பெனியில் பத்து மாசத்துக்குக் கூடப் பணம் இல்லைன்னா? 'சார், இப்போதைக்கு எஸ்.இ.ஓ. வேண்டாம். சைட்டில் இருக்கிற தப்பை மட்டும் சரி பண்ணிட்டு, நேரா ஸ்கூல் ஸ்கூலா போய் விப்போம்'னு சொல்லணும். வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச டிரெய்னியை எந்த முதலாளியும் மறக்க மாட்டார்.

இதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசமும் உண்டு. வெளியாள் முதலீடு வாங்கின கம்பெனிக்கு 'சீக்கிரம் வளரு'ன்னு பிரஷர் இருக்கும், விளம்பரத்தில் பணம் கொட்டத் தோணும். ஜோஹோ வேற ரூட். 1996-ல் அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சு, 2009-ல் ஜோஹோன்னு பேர் மாத்தி, வெளி முதலீடே வாங்காம வளர்ந்த கம்பெனி. அப்படி சொந்தக் காசில் நடத்தறவங்களுக்கு அவசரப்படுத்த ஆள் இல்லை. ஆனா தப்பாப் போனால் காப்பாத்தவும் ஆள் இல்லை. நீங்க இன்டர்வியூ போற கம்பெனி எந்த ரகம்னு முதல் நாளே பார்த்துட்டுப் போங்க. பதில் அதைப் பொறுத்து மாறும்.

காசு எங்கே போகணும்?

எஸ்.இ.ஓ.வுக்கே முழு லட்சமும் இருக்குன்னு வெச்சால், என் பிரிவினை இப்படி. (இது சட்டம் இல்லை. விவாதத்துக்கு ரெடி!)

பக்கம் எழுத, டிசைன் பண்ண: 50,000.
சைட் வேகம், மொபைலில் ஒழுங்கா தெரியறது மாதிரி டெக்னிக்கல் வேலை: 20,000.
மத்த சைட்டுகளில் நம்மைப் பத்தி நியாயமா எழுத வைக்கிற வேலை: 15,000.
டூல்ஸ்: 10,000. (கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். ஏரெஃப்ஸ், செம்ரஷ் மாதிரி டூல்களின் ஒழுங்கான பிளான் மாசம் 100 டாலரைத் தாண்டும்.)
அவசரத்துக்குக் கையிருப்பு: 5,000.

அந்த 50,000-ல் எதை முதலில் எழுதறது? இங்கேதான் பலர் கோட்டை விடறாங்க. 'கல்வி என்றால் என்ன'ன்னு கட்டுரை எழுதினால் படிக்க ஆயிரம் பேர் வருவாங்க, வாங்க ஒருத்தர் வர மாட்டார். 'ஸ்கூல் ஃபீஸ் சாஃப்ட்வேர் விலை', 'இந்த சாஃப்ட்வேரா, அந்த சாஃப்ட்வேரா', 'டேலியோட இணைக்க முடியுமா'ன்னு தேடறவர் பர்ஸைக் கையில் எடுத்தாச்சுன்னு அர்த்தம். முதல் பக்கம் அவருக்குத்தான். அமெரிக்காவின் ஜேப்பியர் கம்பெனி இதில் கில்லாடி. ரெண்டு சாஃப்ட்வேரை ஒண்ணோட ஒண்ணு இணைக்கிறது அவங்க தொழில். எந்த ரெண்டை இணைக்கணும்னு தேடினாலும் அந்த ஜோடிக்குன்னே ஒரு பக்கம் வெச்சிருப்பாங்க.

'லிங்க் வாங்குவேன்'னு சொன்னீங்களே தங்கச்சி, அதுக்கு ஒரு கதை. அமெரிக்காவின் ஜே.சி.பென்னி பெரிய ஜவுளி, வீட்டுச் சாமான் கடை. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ஏராளமான சைட்டுகளிலிருந்து அதுக்கு லிங்க் போட்டிருந்தது. கட்டில் மெத்தையிலிருந்து டிரஸ் வரைக்கும் எதைத் தேடினாலும் அந்தக் கடைதான் மேலே. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பேப்பர் இதைப் போட்டு உடைக்க, கூகுள் அந்தக் கடையைக் கீழே தள்ளிடுச்சு. தங்களுக்குத் தெரியாம நடந்ததுன்னு சொல்லி, கம்பெனி தன் எஸ்.இ.ஓ. ஏஜென்சியைக் கழட்டி விட்டுச்சு. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்'னு ஒரு மாற்றம் வந்து, இப்படிப்பட்ட லிங்க் வேலைகளை மொத்தமா வேட்டையாடிச்சு. அவ்வளவு பெரிய கடைக்கே அந்தக் கதின்னா, நம்ம ஃபீஸ் சாஃப்ட்வேர் எம்மாத்திரம்?

மெஷின் பதில் சொல்லிடுச்சுன்னா?

நியாயமான கேள்வி. கூகுள் 2024 மே மாசம் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும் ஏ.ஐ. பதில்களைத் தேடல் பக்கத்தின் தலையிலேயே போட ஆரம்பிச்சது. 'ஜி.எஸ்.டி. என்றால் என்ன'ன்னு கேட்டால் அங்கேயே பதில். எந்த சைட்டுக்குள்ளேயும் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. இப்படிப்பட்ட பொதுஅறிவுப் பக்கங்களுக்குப் பட்ஜெட் போட்டவங்க பாடு கஷ்டம்தான்.

'அப்போ ஏ.ஐ.-யை வெச்சே ஆயிரம் பக்கம் தயாரிச்சா?' அதுவும் ஆகாது. தேடலில் மேலே வரணும்கிற ஒரே நோக்கத்தில் மொத்தமா அச்சடிச்ச பக்கங்களை ஸ்பாம்னு ஒதுக்குவோம்னு கூகுள் 2024 மார்ச்சில் விதியைக் கடுமையாக்கிடுச்சு.

அப்போ மிச்சம்? மெஷினுக்குத் தெரியாத விஷயம். உங்க கம்பெனி விலை, உங்க கஸ்டமர் அனுபவம், ஒரு ஸ்கூல் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தால் மட்டுமே தெரியற சிக்கல். ஜூன் மாசம் ஃபீஸ் கவுண்டரில் எவ்வளவு பெரிய கியூ நிக்கும், பாதி ஃபீஸ் கட்டினவருக்கு ரசீது எப்படிப் போடறதுன்னு அந்த கிளார்க் அம்மாவைக் கேட்டாத்தான் தெரியும். 50,000-ல் ஒரு பகுதியை பஸ் டிக்கெட்டுக்கு ஒதுக்குங்கன்னு நான் சொன்னால் அது ஜோக் இல்லை!

உங்க பட்ஜெட்: ஆயிரம் ரூபாய்

சரி தங்கச்சி, அடுத்த இன்டர்வியூவுக்கு என்ன பண்ணலாம்?

ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்கி 'நூறு சதவீத வேலை' என்கிற கோர்ஸில் சேர்றதுக்கு முன்னாடி, நீங்களே ஒரு மாமரம் நடுங்க. ஒரு டொமைன் பேர் வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். இலவசமா சைட் போட நிறைய வழி இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச, மத்தவங்க சரியா எழுதாத ஒண்ணை எடுத்துக்குங்க. ஒகேனக்கல்லுக்குக் குடும்பத்தோட வர்றவங்களுக்குப் பரிசல், சாப்பாடு, பஸ்னு மொத்தம் எவ்வளவு ஆகும்? அரூரிலிருந்து காலேஜுக்கு வர்ற பொண்ணுக்கு ஹாஸ்டல் லாபமா, பஸ் பாஸ் லாபமா? நேரில் போய் விசாரிச்சு, வாரம் ஒரு பக்கம். தமிழில் எழுதுங்க, இங்கிலீஷ் அளவுக்குப் போட்டி இருக்காது.

சர்ச் கன்சோலை முதல் நாளே இணைச்சுடுங்க. எந்த வாரம் எத்தனை பேர் பார்த்தாங்க, எந்த வார்த்தையைத் தேடி வந்தாங்கன்னு அது சொல்லும். முதல் மூணு மாசம் கிராஃப் தரையோட தரையா படுத்திருக்கும். அழாதீங்க. நீங்க முதலாளிகிட்ட கேட்கப் போற பொறுமையை உங்ககிட்டயே டெஸ்ட் பண்ற நேரம் அது. செலவு எழுதற நோட்டில் ரூபாயோட உங்க மணி நேரத்தையும் எழுதுங்க. ஒரு பக்கத்துக்கு ஆறு மணி நேரம் ஆச்சா? அந்த நம்பர்தான் நாளைக்கு பட்ஜெட் போட உதவும்.

கிராஃப் ஏறவே இல்லைன்னாலும் நஷ்டம் இல்லை. எந்தப் பக்கம் ஓடலை, ஏன் ஓடலைன்னு உங்களால சொல்ல முடியும். அதைச் சொல்லத் தெரிஞ்சவங்க அந்த ரூமில் ரொம்பக் கம்மி.

அடுத்த தடவை யாராவது 'மாசம் ஒரு லட்சம் தர்றேன்'னால், உடனே பதில் சொல்லாதீங்க. மூணு கேள்வி கேளுங்க. ஒரு கஸ்டமர் மாசம் எவ்வளவு கட்டறார், எத்தனை மாசம் இருக்கார்? கம்பெனியில் எத்தனை மாசத்துக்குப் பணம் இருக்கு? இப்போ சைட்டுக்கு யார், எதைத் தேடி வர்றாங்க? பதில் வந்ததும் பேப்பர் பேனா எடுத்து அங்கேயே வகுத்துக் காட்டுங்க. பி.காம். படிப்புக்கு அதை விட நல்ல விளம்பரம் ஏது?

ஆறு மாசம் கழிச்சு அந்த கிராஃப் பிரிண்ட் அவுட்டோட இன்னொரு லெட்டர் போடுங்க தங்கச்சி. ஏறியிருந்தாலும் சரி, படுத்திருந்தாலும் சரி. நான் பொறுத்திருக்கேன்!

அடுத்த வாரம் பார்க்கலாமா? பை!